படங்களும் நம் அபிப்பிராயங்களும்

முற்காலத்தில் நம் நாட்டிலே புலவரொருவர் நூல் இயற்றினால் அதனை அவையின் முன் அரங்கேற்றுதல் மரபாக இருந்தது. அவையிலிருந்தோர் கேட்டு இன்புறுதலோடு நில்லார். ஐயம் தோன்றியவிடத்துத் தடை எழுப்புவர். நூலாசிரியர் அத்தடைக்கு விடை கூறுவார். விடை பொருந்திய பின்னரே நூல் ஏற்றுக்கொள்ளப்படும். ஆகவே அரங்கேற்றமென்பது நூலாசிரியருக்கு மட்டுமன்றி அவையோர்க்கும் ஒரு சோதனையாகவே இருந்தது. பொருளறியாது தலையசைப்பவரும், காரணங் கூறாது இகழ்பவரும் அவ்வவைக்கு அழகு செய்பவராகக் கருதப்படவில்லை.

இக்காலத்தில் நம்மிடையே நிகழும் அரங்கேற்றங்களுள் மிகப் பெரியது திரைப்படமே. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கொட்டகைகளில் ஒரு படம் அரங்கேறுகின்றது. அங்கே அவையோர் யாவரெனின், பொருள் கொடுத்துச் சீட்டு வாங்கிய நாமே. ஆனால் இவ்வவை தன் கடமையைச் செய்கின்றதா? படம் முடிந்து விளக்குகள் எரியுமுன்னரே கைப்பேசிகள் ஒளிவிடுகின்றன. ஐந்து நட்சத்திரங்களில் எத்தனையென்று தீர்ப்பு எழுதப்படுகின்றது. இடைவேளை வரையிற் கண்டவர் முழுப்படத்தையும் அளந்து கூறுகின்றனர். படத்தையே காணாதவர் எத்தனை கோடி வசூலென்று கணக்குக் காட்டி அதன் தரத்தை நிறுவுகின்றனர். நம் விடுதி அறைகளிலும் நிலைமை இதுவே. "படம் எப்படி?" என்று வினவினால் ஒரு சொல் விடையாக வரும், "ஏன்?" என்று வினவினால் மௌனமே விடையாகும்.

அபிப்பிராயங் கூறுதல் குற்றமன்று. அஃது இல்லையேல் கலை வளராது. ஆனால் காரணமில்லாத அபிப்பிராயம் நம்முடையதன்று, அது கூட்டத்தினுடையது. நாம் அதனைச் சிறிது தூரம் சுமந்து செல்கின்றோம், அவ்வளவே. இதனை விளக்கும்பொருட்டு, அண்மையில் யான் கண்ட தமிழ்ப் படங்கள் நான்கினைப் பற்றி மனத்திற் பட்டவற்றை ஈண்டுக் கூறுகின்றேன். அவற்றுட் சில பழையன, சில புதியன. யான் கூறுவன ஆராய்ச்சி முடிவுகளல்ல. பார்த்தவன் ஒருவனது எண்ணங்களே. இவற்றோடு மாறுபடுவோர் மாறுபடலாம். காரணத்தோடு மாறுபடவேண்டுமென்பது ஒன்றே என் வேண்டுகோள்.

முதலாவது, 1954 ஆம் ஆண்டில் வெளிவந்த 'அந்த நாள்'. ஏ. வி. மெய்யப்பன் தயாரிக்க, எஸ். பாலசந்தர் இயக்கிய படம் இது. இதிற் பாட்டில்லை, ஆடலில்லை, சண்டைக் காட்சியுமில்லை. இதன் புதுமையை உணரவேண்டின் அதற்கு முன்னிருந்த நிலையை நினைத்தல் வேண்டும். 1931 அக்டோபர் 31 ஆம் நாள் 'காளிதாஸ்' வெளிவந்தது முதல், தமிழ்ப் பேசும்படம் நாடக மேடையின் குழந்தையாகவே வளர்ந்தது. மேடையிற் பாடியவர்களே திரையிலும் பாடினர். பாட்டில்லாத படமென்பது உப்பில்லாத உணவென்று மக்கள் எண்ணியிருந்த காலத்தில், பாலசந்தர் அத்துணிவு கொண்டார். அவரோ வீணையிற் பெரும்புகழ் பெற்ற வித்துவான். பாட்டின் அருமையை அறிந்தவரே அதனை எவ்விடத்தில் வைத்தலாகாதென்பதையும் அறிவர் போலும்!

1943 ஆம் ஆண்டில் ஜப்பானியர் சென்னையின்மீது குண்டு வீசிய காலத்தில் இக்கதை நிகழ்கின்றது. படத்தின் தொடக்கத்திலேயே கதாநாயகன் சுடப்பட்டு இறந்துபடுகின்றான். பின்னர், துப்பறியும் அதிகாரியின் முன் ஒவ்வொருவராக வந்து தத்தமக்குத் தெரிந்ததைக் கூறுகின்றனர். ஒவ்வொருவர் வாய்மொழியிலும் ஒவ்வொருவர் குற்றவாளியாகத் தோன்றுகின்றனர். ஜப்பானியப் பேரியக்குநர் அகிரா குரோசவாவின் 'ராஷோமொன்' என்னும் 1950 ஆம் ஆண்டுப் படத்தினின்று இம்முறைக்குத் தூண்டுதல் கிடைத்தது. ஆயினும் கதை நம் மண்ணுக்கே உரியது. இறந்தவன் அறிவாற்றல் மிக்கவன். தன் கண்டுபிடிப்பை மதிப்பாரில்லையென்று வெறுத்துத் தன் நாட்டையே பகைவர்க்கு விற்கத் துணிந்தவன். அப்பாத்திரத்தில் நடித்தவர் சிவாஜி கணேசன். மக்கள் போற்றத் தொடங்கிய இளநடிகர் ஒருவர் நாட்டைக் காட்டிக்கொடுப்பவனாக வரலாமென்பதே அன்று பெரிய செய்தியாகும்.

என் மனத்தைக் கவர்ந்தது யாதெனின், படம் நம்மையே நீதிபதியாக அமர்த்தும் முறை. ஒருவர் கூறுவதைக் கேட்டு நாம் தீர்ப்பளிக்கின்றோம். அடுத்தவர் வந்து கூறியவுடன் அத்தீர்ப்பைக் கிழித்தெறிகின்றோம். ஒருவர் சொற்கேட்டு மற்றொருவரைத் தூற்றுவது எவ்வளவு எளிதென்பதை இதனினும் நன்றாகக் கற்பிக்கும் பாடம் வேறில்லை. குறையுங் கூறுவேன். இறுதியில் வரும் மனைவியின் வாய்மொழியில் நாட்டுப்பற்றைப் பற்றிய உரை சற்று மிகுதியாயிற்று. முன்னரெல்லாம் காட்சியால் விளக்கிய படம் அவ்விடத்தில் மேடையேறிப் பேசுகின்றது. ஆயினும் அக்குறை படத்தின் பெருமையை மறைப்பதன்று.

நிற்க. இப்படத்தை அன்றைய அவை எவ்வாறு ஏற்றது? நாட்டின் திரைப்பட விருதுகளில் இதற்கு நற்சான்றிதழ் கிடைத்தது, பத்திரிகைகளும் புகழ்ந்தன. ஆனால் கொட்டகையில் வசூலில்லை. அன்றைய மக்களை அறிவிலிகளென்று நாம் பழித்தல் தகாது. இசை நாடகத்திலே திளைத்தவர்கள் இசையை எதிர்பார்த்தது இயல்பே. எனினும், "பாட்டில்லை, ஆகவே நன்றன்று" என்னும் தீர்ப்பு ஒரு காரணமாகுமா? அது படத்தை அளந்த அளவன்று; தம் பழக்கத்தை அளந்த அளவு. அத்தீர்ப்பினால் நேர்ந்த நட்டம் ஒரு தயாரிப்பாளருடைய பணத்தோடு முடிந்துவிடவில்லை. அவர் வழியிற் செல்ல நினைத்திருக்கக்கூடிய பிறருக்கும் அஃதோர் எச்சரிக்கையாயிற்று. பாட்டில்லாத தமிழ்ப் படங்களை இன்றும் எளிதில் எண்ணிவிடலாமன்றோ?

அவ்வாறு எண்ணத்தக்கவற்றுள் ஒன்றே யான் கண்ட இரண்டாவது படம். பாலு மகேந்திரா இயக்கிய 'வீடு' என்னும் இப்படம் 1988 ஆம் ஆண்டில் வெளிவந்தது. வேலைக்குச் செல்லும் பெண்ணொருத்தி, தங்கையோடும் முதிய தாத்தாவோடும் வாடகை வீட்டில் வாழ்கின்றாள். வீட்டைக் காலி செய்யும்படி நேர்கின்றது. வாடகைக்கு வீடு கிடையாமையால் தானே ஒரு சிறு வீடு கட்டத் துணிகின்றாள். கதை இவ்வளவே. நகையை விற்கின்றாள், கடனுக்கு அலைகின்றாள், மேற்பார்க்க வேண்டிய ஒப்பந்தக்காரரே சிமெண்டைக் களவாடுகின்றார், அதனை வெளிப்படுத்துபவள் ஓர் ஏழைச் சித்தாள். சுவர் ஓரடி எழும்போது நமக்கு மூச்சு வருகின்றது. வேலை நிற்கும்போது மூச்சு நிற்கின்றது.

இதனைக் கண்ட நண்பரொருவர், "படம் மெதுவாகச் செல்கின்றது" என்றார். உண்மையே. ஆயினும் வீடு கட்டுதல் விரைவாக நடக்குமோ? நம் பெற்றோர் பலர் பத்தாண்டு உழைத்து ஓர் அறையெழுப்பியதை நாம் அறிவோம். அக்காலத்தின் பளுவை நம் தோள்மீது வைப்பதே படத்தின் நோக்கம். அதனை விரைவாகக் காட்டினால் அது வேறு படமாகிவிடும். ஆகவே, "மெதுவானது" என்பதோடு நில்லாமல், "மெதுவாக இருத்தல் இக்கதைக்குப் பொருந்துமா?" என்று மற்றொரு வினா எழுப்புவோமாயின், அப்போதே அஃது அபிப்பிராயமாகும்.

தாத்தாவாக வருபவர் பழைய நாடக மேடைக் கலைஞராகிய சொக்கலிங்க பாகவதர். கட்டி முடியாத வீட்டைக் காண அம்முதியவர் தனியே செல்கின்றார். சுவரைத் தொட்டுத் தடவிப் பார்க்கின்றார். அவர் வாய் ஒன்றும் பேசவில்லை. அக்கையின் நடுக்கத்தில் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் ஆசை முழுவதும் தெரிகின்றது. பின்னர் அவர் இறந்துபோகின்றார். இறுதியில் அந்நிலமே குடிநீர் வாரியத்தின் தேவைக்காக எடுத்துக்கொள்ளப்பட்டதென்னும் செய்தி வருகின்றது. கொடியவன் ஒருவனைக் காட்டி அவன்மீது நம் சினத்தை ஏவிவிட்டால் நாம் மனம் ஆறி வீடு திரும்புவோம். இப்படம் அவ்வாறதலை நமக்கு அளிக்கவில்லை. சுதா என்னும் அப்பெண்ணாக நடித்த அர்ச்சனா தேசிய விருது பெற்றதில் வியப்பில்லை.

இதுகாறும் கூறியவற்றைக் கொண்டு, பாட்டும் நகைச்சுவையும் உள்ள படம் தாழ்ந்ததென்று யான் கருதுவதாக யாரும் எண்ணற்க. மூன்றாவது படமாகிய 'காக்கா முட்டை' அவ்வெண்ணத்தைப் போக்கிவிடும். ம. மணிகண்டன் இயக்கிய இது 2015 ஆம் ஆண்டில் கொட்டகைகளுக்கு வந்தது. பாட்டும் உண்டு, வயிறு குலுங்கச் சிரிப்பதற்கும் இடமுண்டு. சென்னையின் குடிசைப் பகுதியில் வாழும் சிறுவர் இருவர், சரக்கு வண்டியிலிருந்து சிந்திய கரியைப் பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கின்றனர். அவர்கள் விளையாடிய இடத்தில், அவர்களுக்குக் காக்கை முட்டை கொடுத்த மரத்தை வெட்டிவிட்டு, ஒரு பீட்சாக் கடை எழும்புகின்றது. அதன் விலை 299 ரூபாய். அதனை ஒருமுறை உண்டுவிட வேண்டுமென்பதே அவர்களது வாழ்வின் இலட்சியமாகின்றது.

பணம் சேர்ந்தாலும் கடையினுள் நுழைய முடியவில்லை, உடை சரியில்லை. நல்ல உடை தேடி அணிந்து சென்றாலும் அடியே கிடைக்கின்றது. பணம், உடை என்னும் இரண்டு தடைகளையும் கடந்த பின்னரும் மூன்றாவது தடையொன்று நிற்பதை அவ்வடி காட்டுகின்றது. அதற்குப் பெயர் சொல்லாமலே படம் அப்பாற் செல்கின்றது. நாமும் சிரித்துக்கொண்டிருந்த வாயை மூடிக்கொள்கின்றோம். இறுதியில் மாலை மரியாதையோடு அவர்களுக்குப் பீட்சா கிடைக்கின்றது. உண்ட சிறுவர்க்கோ அவர்களுடைய ஆயா சுட்டுக்கொடுத்த தோசையே மேலென்று தோன்றுகின்றது. விளம்பரம் வளர்த்த ஆசையின் பொய்மையை இதனினும் இனிமையாகக் கூறவியலாது. பிற்பகுதியில் வரும் அரசியல்வாதிகளும் பணம் பறிப்போரும் வழக்கமான படங்களினின்று இரவல் வந்தவர் போற் காண்கின்றனர் என்பது என் எண்ணம். ஆயினும், அச்சிறுவர் இருவரும் வரும்போதெல்லாம் படம் மீண்டும் உயிர்பெறுகின்றது. அவ்விருவர்க்கும் சிறந்த குழந்தை நடிகர்க்குரிய தேசிய விருது கிடைத்தது தகுதியே.

நான்காவது, பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்'. 2021 ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் இது புலி விருதை வென்றது. ஒன்றேகால் மணி நேரமே ஓடும் சிறு படம். குடிகாரத் தந்தையொருவன் பள்ளியிலிருக்கும் மகனை அழைத்துக்கொண்டு, கோபித்துச் சென்ற மனைவியைத் தேடி அவளது ஊருக்குப் போகின்றான். அங்கே அவளில்லை. சண்டை நிகழ்கின்றது. சிறுவன் கையிலிருந்த பணத்தைக் கிழித்தெறிந்துவிட, இருவரும் கொதிக்கும் வெயிலில் நடந்தே திரும்ப நேர்கின்றது. தாகம் தோன்றாதிருக்கச் சிறுவன் ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கின்றான்.

"இப்படத்தில் ஒன்றும் நிகழவில்லையே!" என்று கூறுவாரும் உளர். அவர்கள் ஒரு காட்சியைக் கவனியாது விட்டனர் போலும். வீடு வந்து சேர்ந்த சிறுவன் அக்கூழாங்கல்லை எடுத்து வைக்கின்றான். வைக்குமிடத்தில் ஏற்கெனவே கூழாங்கற்கள் குவிந்து கிடக்கின்றன! அவ்வொரு காட்சியில், இஃது இன்று மட்டும் நிகழ்ந்த நடையன்று. இவ்வாறு எத்தனையோ நாள்கள் நடந்திருக்கின்றான் என்பது நமக்கு விளங்கிவிடுகின்றது. பத்துப் பக்க வசனம் செய்யமாட்டாததை ஒரு பிடி கற்கள் செய்துவிட்டன. இறுதியிற் பெண்கள் ஊற்றில் ஊறும் நீருக்காகக் காத்திருந்து, சிறிது சிறிதாக முகந்து எடுக்கும் காட்சி வருகின்றது. அத்தந்தையின் சினமும் அந்நிலத்தின் வறட்சியும் வேறல்லவென்று அது நமக்கு உணர்த்துகின்றது. ஆயினும் தந்தையின் கொடுமையை அது மன்னித்துவிடவுமில்லை.

இப்படங்களைப் பற்றி ஒரு பொது எச்சரிக்கையும் கூறுதல் வேண்டும். வறுமையைக் காட்டுவதனாலேயே ஒரு படம் உயர்ந்ததாகிவிடாது. வெளிநாட்டு விருது பெற்றதனாலும் உயர்ந்ததாகிவிடாது. கற்றவரிடையே இப்படங்களைப் புகழ்தல் ஓர் அணிகலன்போல ஆகிவருகின்றது. கொட்டகையில் ஆரவாரிப்பவர் கூட்டத்தின் தீர்ப்பைச் சுமப்பதுபோலவே, இவர்கள் விருதுக் குழுவின் தீர்ப்பைச் சுமக்கின்றனர். சுமை வேறாயினும் சுமத்தல் ஒன்றே. ஏழையின் துன்பத்தைக் கண்டு ஒரு துளி கண்ணீர் விட்டு, அதனால் தன்னை நல்லவனென்று எண்ணிக்கொண்டு செல்பவன் படத்தைக் கண்டவனல்லன். தன்னையே கண்டு மகிழ்ந்தவன்.

இனி, ஒரு தடையுண்டு. "நாள் முழுதும் உழைத்துக் களைத்தவன் சிறிது இன்பம் நாடியன்றோ படத்திற்குச் செல்கின்றான்? அவனிடம் சென்று காரணம் கேட்பது கொடுமையல்லவா?" என்பர். தடை பொருத்தமானதே. இன்பம் நாடுதல் இழிவன்று. எஸ். எஸ். வாசன் 1948 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சந்திரலேகா'வை யானும் மகிழ்ச்சியோடு கண்டேன். அதில் வரும் முரசு நடனம் இன்றும் கண்ணைக் கவர்வது. ஆனால் அது கவர்வது ஏன் என்று சிறிது எண்ணிப் பார்த்தால் இன்பம் குறைகின்றதா? இல்லை, பெருகுகின்றது. அம்முரசுகளின் உள்ளே வீரர்கள் மறைந்திருக்கின்றனர். ஆடல் முடிந்ததும் அவர்கள் வெளிப்பட்டுப் போர் தொடங்குகின்றது. எனவே அந்நடனம் கதையை நிறுத்திவிட்டு ஆடிய ஆடலன்று. கதையையே நடத்திய ஆடல். பகைவன் ஆடலில் மயங்கியிருக்கின்றான். நாமும் அவனைப்போலவே மயங்கியிருக்கின்றோம். இதனை அறிந்த பின் காண்பவனுக்கு முரசின் ஒவ்வோர் அடியும் இரட்டிப்புச் சுவை தருமன்றோ? காரணந் தேடுதல் இன்பத்திற்குப் பகையன்று, அதற்குத் துணையேயாகும்.

அங்ஙனமாயின் அபிப்பிராயம் எவ்வாறிருத்தல் வேண்டும்? பெரிய இலக்கணம் வேண்டியதில்லை. படத்தில் ஒரு காட்சியையேனும் எடுத்துக் காட்டுதல் வேண்டும். காட்சியைக் கூறாத புகழ் எப்படத்திற்கும் பொருந்தும். அக்காட்சி நம்மிடத்தில் என்ன செய்தது என்று கூறுதல் வேண்டும். அதற்கு மாறாகப் பிறர் கூறுவதைப் பொறுமையோடு கேட்டல் வேண்டும். நடிகர்மீது கொண்ட அன்பினால், மாறுபட்டுரைப்பவரை வசைபாடுதல் அவைக்குப் பொருந்துவதன்று. தான் காணாத படத்தைப் பற்றி வாய் திறவாதிருத்தல் எல்லாவற்றினும் முதற்கண் வேண்டப்படுவது.

இவை சிறியனவாகத் தோன்றலாம். ஆனால் இன்று படத்தைப் பற்றிக் காரணமின்றித் தீர்ப்பளிக்கப் பழகியவர், நாளை மனிதரைப் பற்றியும் அவ்வாறே தீர்ப்பளிப்பர். ஆசிரியராகவும் அதிகாரியாகவும் வழக்கறிஞராகவும் நம் மாணவர் பலர் அமர்வர். அவர்முன் ஒருவன் வந்து நிற்பான். அவனைப் பற்றி ஊர் ஒரு சொல் கூறியிருக்கும். அச்சொல்லை அப்படியே ஏற்பதா, நாமே கண்டு காரணம் தேடுவதா என்பதில் அவனுடைய வாழ்வே தங்கியிருக்கும். அத்தகைய மனப்பழக்கம் தேர்வறையில் மட்டும் வருவதன்று. நண்பரோடு படம் பார்த்துவிட்டு நடந்துவரும் வழியிலும் வருவது.

ஆகவே நண்பர்காள்! படங்களைக் காணுங்கள், மகிழுங்கள், பேசுங்கள், வாதிடுங்கள். பெரிய படமானாலும் சிறிய படமானாலும் அதனைப் பற்றி உரைக்கும் அச்சொல் உங்கள் சொந்தச் சொல்லாக இருக்கட்டும். பாட்டில்லாத படமொன்று இனி வருமாயின், பாட்டில்லையென்பதற்காக அதனைத் தள்ளாமலும், பாட்டில்லையென்பதற்காகவே அதனைப் போற்றாமலும், அஃது என் செய்ய முயன்றது, முயன்றதைச் செய்ததா என்று கேட்கும் அவையொன்று நம் கல்லூரியிலிருந்தேனும் தோன்றுவதாகுக.